சாதி கேட்காத சந்தை நம்மிடம் என்ன கேட்கிறது?

280 ரூபாய்க்கு ஒரு தோல் பர்ஸ் விற்றோம். கைக்கு வந்தது 136 ரூபாய் 51 காசு. இந்தக் கணக்கைப் பேசத்தான் இதை எழுதுகிறோம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலனி. ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள் அங்கே வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம். அவர்களில் 11 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டுகளை எடைக்கு வாங்கி, பர்ஸ், சாவிக்கொத்து, போன் உறை என்று தைக்க ஆரம்பித்தார்கள். "அடுத்தவன் ஷூவுக்குத் தைக்கிற கை, நம்ம பேர்ல ஒண்ணு தைக்கட்டுமே" என்றார் குழுவில் மூத்த அக்கா. அந்த ஒரு வரிக்காகவே நாங்கள் கூட நின்றோம். இணையத்தில் விற்றுத் தருகிறோம் என்று வாக்கும் கொடுத்தோம்.

ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கணக்கு தொடங்கினோம். "12 சதவீதம் கமிஷன்" என்று சொன்னார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டுதானே, கடை வாடகையை விடக் குறைவு என்று நாங்களே பெண்களிடம் போய்ச் சொன்னோம். முதல் மாதக் கணக்கு வந்தபோது, அந்த அக்கா கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "பன்னெண்டுன்னுதானேம்மா சொன்னீங்க? பாதிக்கு மேல போயிருக்குதே?"

இரவு உட்கார்ந்து வரி வரியாகப் பிரித்தோம்.

கமிஷன் 33 ரூபாய் 60 காசு. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் 15 ரூபாய். பார்சல் அனுப்பும் கட்டணம் 65 ரூபாய். வாங்குபவரிடம் பணம் வசூலித்துத் தரும் கட்டணம் 8 ரூபாய். கூட்டினால் 121 ரூபாய் 60 காசு. இந்தக் கட்டணங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 21 ரூபாய் 89 காசு. ஆகமொத்தம் 143 ரூபாய் 49 காசு. விற்ற விலையில் 51 சதவீதம்.

மீதியில் தோல், நூல், ஜிப், உள்துணி செலவு 70 ரூபாய். கூலியாக நின்றது 66 ரூபாய் 51 காசு. ஒரு பர்ஸ் தைக்க இரண்டரை மணி நேரம். மணிக்கு 27 ரூபாய் கூட இல்லை.

அந்த மாதம் ஒரு பர்ஸ் திரும்பி வந்தது. போட்டோவில் பார்த்த நிறம் இல்லையாம். திரும்பி வந்த பார்சலுக்கும் 65 ரூபாயும் ஜிஎஸ்டியும் எங்கள் கணக்கில். 76 ரூபாய் 70 காசு. அதாவது ஒரு பர்ஸ் திரும்பி வந்தால், விற்ற இன்னொரு பர்ஸின் கூலி முழுவதும் போய், மேலே 10 ரூபாய் நாம் கடன்காரர் ஆகிறோம்.

சமூகவியல் படித்தவர்கள் நாங்கள். சுரண்டல் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவர்கள். ஆனால் ஒரு கட்டணப் பட்டியலை வாசிக்கத் தெரியாமல், நாங்களே அந்தப் பெண்களை அதற்குள் கொண்டுபோய் விட்டோம். அந்த வெட்கத்தில்தான் மற்ற தளங்களின் கட்டணங்களையும் எடுத்து வைத்து ஒப்பிட ஆரம்பித்தோம்.

சதவீதம் எல்லோருக்கும் ஒன்று, சுமை ஒன்றல்ல

கைவினைப் பொருளுக்கு உலகமெங்கும் அறியப்பட்ட தளம் எட்ஸி. 2005-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கையால் செய்பவருக்கான சந்தை என்பதுதான் அதன் பெயரும் புகழும். அங்கே விற்பனைக் கட்டணம் 2018-ல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. இது தவிர ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, அது நாட்டுக்கு நாடு மாறும்.

6.5 சதவீதம் என்றால் சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவுக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. 10 டாலர் பர்ஸ் ஒன்றை 10 டாலர் தபால் செலவில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 20 டாலருக்கு 6.5 சதவீதம், 1 டாலர் 30 சென்ட். பட்டியல் கட்டணத்தோடு சேர்த்து ஒன்றரை டாலர். பர்ஸின் விலையில் 15 சதவீதம். தபால் பணம் நம் கைக்கு வருவதே இல்லை, தபால்காரருக்குப் போகிறது. ஆனால் அதற்கும் கட்டணம் நாம் கட்டுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பொருளை எட்ஸியே கூகுள் போன்ற வெளி இடங்களில் விளம்பரம் செய்யும். அந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் 30 நாளுக்குள் நம்மிடம் வாங்கினால், ஆர்டர் தொகையில் 15 சதவீதம் அதற்கு. நம் கணக்கில் அது 3 டாலர். இப்போது மொத்தம் நாலரை டாலர், பர்ஸ் விலையில் 45 சதவீதம். இதே கணக்கை 100 டாலர் கைப்பைக்குப் போட்டுப் பாருங்கள். தபால் அதே 10 டாலர் என்றால், எல்லாம் சேர்த்து 23 டாலர் 85 சென்ட்தான். 24 சதவீதத்துக்கும் கீழே.

ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழ் விற்பவர் இந்த விளம்பரத்தை வேண்டாம் என்று அணைத்து வைக்கலாம். ஆனால் அணைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். கணக்கு தொடங்கும்போது அது திறந்தே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய விதிகளைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவருக்குத் தெரியும். மற்றவர் கட்டணம் கட்டித் தெரிந்துகொள்வார்.

பழைய துணிமணிகளுக்கான அமெரிக்கத் தளம் போஷ்மார்க். 15 டாலருக்குக் கீழே விற்றால் 2 டாலர் 95 சென்ட், அதற்கு மேல் 20 சதவீதம். 5 டாலர் சட்டை விற்பவர் 59 சதவீதத்தை விட்டுவிட்டு வருகிறார். 500 டாலர் கைப்பை விற்பவர் 20 சதவீதம் விடுகிறார்.

கட்டணத்தின் பெயரும் எண்ணும் தளத்துக்குத் தளம் மாறினாலும் ஒரு விஷயம் மாறவில்லை. நிலையான கட்டணம் எங்கே இருக்கிறதோ, அங்கே மலிவான பொருள் விற்பவரே அதிகம் இழக்கிறார். மலிவான பொருள் யார் விற்கிறார்? முதலீடு இல்லாதவர். மிஞ்சிய தோலில் தைப்பவர். விலையை ஏற்றினால் வாங்க ஆள் வராதோ என்று பயப்படுபவர். சாதி என்ற சொல் எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக முதலீடு யாரிடம் சேர்ந்தது, யாரிடம் சேரவிடவில்லை என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பட்டியலை வேறு விதமாக வாசிக்கத் தெரியும்.

பூஜ்ஜியம் என்பது எவ்வளவு?

இந்தியாவில் இப்போது 'பூஜ்ஜிய கமிஷன்' காலம். மீஷோ 2021-ல் கமிஷனை எடுத்துவிட்டதாக அறிவித்தது. அமேசான் இந்தியா 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் கீழுள்ள பெரும்பாலான பொருள்களுக்குக் கமிஷன் இல்லை என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் கீழுள்ள பொருள்களுக்கு அப்படியே அறிவித்தது.

இது நல்ல செய்திதான். மறுக்கவில்லை. நம் பர்ஸுக்குக் கமிஷன் இல்லாமல் போனால் 33 ரூபாய் 60 காசும் அதன் ஜிஎஸ்டியும் மிச்சம், கிட்டத்தட்ட 40 ரூபாய். ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். கமிஷனை எடுத்த பிறகும் 103 ரூபாய் போகிறது. பார்சல், வசூல், நிலையான கட்டணம், திரும்பி வரும் பொருள், முதல் பக்கத்தில் தெரிய விளம்பரம். கமிஷன் ஒரு கதவு. தளத்துக்கு வேறு கதவுகளும் உண்டு.

அயல்நாடுகளில் பழைய பொருள் சந்தையில் இதே ஆட்டம் வேறு வடிவில் நடக்கிறது. லிதுவேனியாவில் 2008-ல் தொடங்கிய வின்டெட், விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வாங்குபவரிடம் 'பாதுகாப்புக் கட்டணம்' வாங்குகிறது. பிரிட்டனில் டெபாப் 2024 மார்ச்சில் தன் 10 சதவீதத்தை எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் இபேயும் தனியாள் விற்பனையாளருக்குக் கட்டணத்தை எடுத்து, 2025 பிப்ரவரியில் வாங்குபவர் தலையில் பாதுகாப்புக் கட்டணத்தை வைத்தது. அமெரிக்காவில் மெர்காரி 2024 மார்ச்சில் விற்பவர் கட்டணத்தை நீக்கியது. பத்தே மாதத்தில், 2025 ஜனவரியில், 10 சதவீதத்தோடு திரும்பி வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, வாங்குபவரிடம் வாங்கினாலும் அது நம் விலையிலிருந்துதான் போகிறது. 300 ரூபாய் செலவழிக்க நினைத்தவர், 25 ரூபாய் தளத்துக்கு என்றால் நமக்கு 275 ரூபாய்தான் தருவார். இரண்டு, இன்றைய பூஜ்ஜியம் நாளைய பத்து ஆகலாம். அதை முடிவெடுக்கும் இடத்தில் நாம் இல்லை.

போஷ்மார்க் 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. 2023-ல் கடையைக் கட்டிக்கொண்டு போனது. அதை நம்பி இங்கே பழைய உடை விற்று, நல்ல பெயர் வாங்கி, வாடிக்கையாளர் சேர்த்தவர்களின் கடையும் அதோடு மூடப்பட்டது. சந்தையில் தரையில் விரித்து விற்பவரை எழுப்பிவிட்டால், அவர் நாலு தெரு தள்ளி விரிப்பார், பழகிய முகங்கள் தேடி வரும். இங்கே அந்த முகங்களின் முகவரியும் தளத்துக்கே சொந்தம்.

பழைய பொருள் என்றதும் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், 'சண்டாளர்' என்று பெயரிட்ட மக்களுக்குப் பிணத்தின் உடையையே உடையாக விதித்தது. பிறர் கழித்துப் போட்டது உனக்கு என்பது நம்மீது சட்டமாகத் திணிக்கப்பட்டது. குப்பையிலிருந்து பழையதைப் பிரித்தெடுத்து மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் வேலை இன்றும் பெரும்பாலும் நம் மக்கள் தலையில்தான். அதே பழைய துணி இன்று செயலியில் ஏறினால் 'சூழல் அக்கறை', 'பாணி'. மணம் ஏறியதெல்லாம் விற்பவர் மாறியதால்தான். பொறுக்கிப் பிரித்தவருக்கு எடைக்குக் காசு. துவைத்துப் போட்டோ எடுத்துப் போட்டவருக்கு விலை. போட்டவர் பட்டியலில் ஏறிய தளத்துக்குச் சதவீதம். இந்த வரிசையில் யார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.

யார் பெயரில் கணக்கு?

ஒப்பிட்டுப் பார்த்ததில் எங்களை அதிகம் உறுத்தியது கட்டண அளவு அல்ல. விற்பவர் என்று பதிவாகும் பெயர் யாருடையது என்பதுதான்.

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, தெருக்கடையில் விற்கும் சிறு வியாபாரிக்கு வரம்புக்குக் கீழ் பதிவு வேண்டாம் என்றார்கள். ஆனால் அதே பொருளை இணையத் தளத்தில் விற்றால், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். ஆறு ஆண்டுகள் கழித்து 2023 அக்டோபர் 1 முதல்தான் இதில் தளர்வு வந்தது. இப்போதும் பதிவில்லாதவர் தளங்கள் வழியே தன் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். எங்கள் குழுவின் பர்ஸ் இணையத்தில் இருந்தும் பெங்களூருவுக்குப் போக முடியாது. ஆம்பூரிலிருந்து பெங்களூரு எத்தனை பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டணத்தின் மேல் வரும் அந்த 18 சதவீத ஜிஎஸ்டியை மறுபடி பாருங்கள். பதிவு பெற்ற வியாபாரி அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத நம் பெண்களுக்கு அது செலவு, திரும்பி வராது. அதாவது ஒரே தளம், ஒரே சதவீதம், ஆனால் சின்னவர் கட்டுவது பெரியவரை விட அதிகம்.

இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் நுழைகிறார். பதிவு உள்ளவர், ஆங்கிலம் தெரிந்தவர், நல்ல கேமரா வைத்திருப்பவர், இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் தாங்குபவர். எங்கள் பர்ஸைப் பார்த்துவிட்டு நகரத்து பிராண்டு ஒன்று வந்தது. ஒன்றுக்கு 120 ரூபாய், மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் பக்கத்தில் அதே மாதிரிப் பர்ஸ் 900 ரூபாய்க்கு இருந்தது. கூடவே 'கிராமத்துப் பெண்களின் கைவண்ணம்' என்று ஒரு வரி. பெண்களுக்குப் பெயர் இல்லை. எந்தக் கிராமம், ஊரா காலனியா என்பதும் இல்லை. அந்த பிராண்டும் தளத்துக்குக் கட்டணம் கட்டுகிறது, நாம் கட்டிய அதே கட்டணம்தான். ஆனால் 900 ரூபாயில் அது எறும்புக் கடி. 280-ல் அது பாம்புக் கடி.

கோலாப்பூர்ச் செருப்பின் கதை இதே கதையின் பெரிய வடிவம். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் தலித் தோல் தொழிலாளர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் செருப்பு அது. 2019-ல் இரு மாநிலங்களின் எட்டு மாவட்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலன் மேடையில் அதே மாதிரிச் செருப்பைக் காட்டியது, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல். எதிர்ப்பு எழுந்த பிறகு ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களான லிட்காம், லிட்கர் ஆகியவற்றோடு ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி, ஜோடி ஏறக்குறைய 800 யூரோ என்று அறிவித்தது. சண்டை போட்டதால் கிடைத்தது இது. ஆனால் விலைச் சீட்டில் எண்ணை எழுதிய கை எது என்று கேட்டால், அது செருப்பு தைத்த கை அல்ல.

'அங்க யாரும் ஊர் பேர் கேக்கல'

இவ்வளவும் சொல்லிவிட்டு, தளங்களை விட்டு வெளியே வாருங்கள் என்று எழுதி முடித்திருக்கலாம். அப்படித்தான் நினைத்திருந்தோம். குழுவில் கணக்கைப் பார்த்துக்கொண்ட தங்கை ஒருத்தி, கல்லூரி முடித்தவள், எங்களை நிறுத்தினாள்.

"அண்ணா, வாரச் சந்தையில அம்மா பலகாரம் போட்டு வித்தப்ப, காலனிப் பலகாரம்னு ஊர்க்காரங்க யாரும் வாங்கல. ஆறு மாசத்துல நிறுத்திட்டாங்க. இங்க என் பர்ஸை திருநெல்வேலியில யாரோ வாங்குறாங்க. அங்க யாரும் ஊர் பேர் கேக்கல."

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2001-02-ல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் விற்கத் தடை இருந்தது. ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் பால் கூட்டுறவுக்குப் பால் விற்கத் தடை. அதை நடத்தியது எந்தச் செயலியும் அல்ல, பக்கத்துத் தெரு. அந்தத் தெருவை விட முகம் தெரியாத தளம் மேல் என்று ஒரு தலித் பெண் சொன்னால், அவளுக்குப் பாடம் நடத்த நமக்கு உரிமை இல்லை.

அதனால் எங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டோம். இணையச் சந்தை நமக்கு வேண்டும். ஆனால் சாதி கேட்காத சந்தை என்பதற்காக, அது கேட்கும் கட்டணத்தை எல்லாம் தலையாட்டிக் கட்ட வேண்டியதில்லை. பெயரை மறைத்துக்கொண்டால்தான் விற்கும் என்பது விடுதலையும் அல்ல. அது மூச்சுவிட ஒரு சந்து. சந்தில் நின்று மூச்சு வாங்கலாம். அதற்குப் பாதி விலை வாடகை என்றால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

கேட்டால் நடக்குமா? எட்ஸி 2022-ல் கட்டணத்தை ஏற்றியபோது, ஏப்ரல் 11 முதல் ஒரு வாரம் ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் கடையை மூடிப் போராடினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். கட்டணம் குறையவில்லை. ஆனால் அதிலிருந்து விற்பனையாளர்களுக்கு ஒரு சங்கம் பிறந்தது. 2024 அக்டோபரில் போஷ்மார்க் கட்டண முறையை மாற்றியபோது, எதிர்ப்பு கிளம்பிய சில வாரங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல், விற்பவருக்கான விதிகளை மாற்றும் தளம் குறைந்தது 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இவையெல்லாம் கேட்டு வாங்கியவை.

நாம் என்ன செய்யலாம்?

குழுக்களோடு வேலை செய்யும் மாணவத் தோழர்களுக்கு முதல் வேண்டுகோள். கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கு தொடங்காதீர்கள். நாங்கள் செய்த தவறு அது. ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பொருளின் விலையில் எல்லாம் போகக் கைக்கு வருவது எத்தனை ரூபாய்? கட்டணம் பொருளுக்கு மட்டுமா, தபால் செலவுக்கும் சேர்த்தா? திரும்பி வந்தால் யார் தலையில்? கேட்காமலே திறந்து வைத்திருக்கும் விளம்பரம் ஏதாவது உண்டா? பணம் எத்தனை நாளில் வரும்? கடைசிக் கேள்வி கந்துவட்டியோடு சம்பந்தப்பட்டது. தளம் பணத்தைப் பதினைந்து நாள் வைத்திருந்தால், அந்தப் பதினைந்து நாளுக்கு நம் பெண்கள் வேறெங்கோ வட்டி கட்டுகிறார்கள்.

இரண்டாவது, நிலையான கட்டணத்தைப் பல பொருளுக்குப் பங்கு போடுங்கள். மூன்று பர்ஸை ஒரே கட்டாக 840 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டோம். கமிஷன் 100 ரூபாய் 80 காசு, நிலையான கட்டணம் அதே 15, எடை ஒரே வரம்புக்குள் என்பதால் பார்சல் அதே 65, வசூல் 17. ஜிஎஸ்டியோடு 233 ரூபாய் 40 காசு. 51 சதவீதம் 28-க்கு இறங்கிவிட்டது. செலவு போக ஒரு பர்ஸுக்குக் கூலி 132 ரூபாய், கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூன்றாக வாங்குபவர் குறைவுதான். ஆனால் விற்பது எல்லாம் கூலியோடு விற்கும்.

மூன்றாவது, தெரிந்தவரிடம் நேராக விற்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். யுபிஐ பரிமாற்றத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ, யுபிஐயில் பணம், தபாலில் பார்சல் என்றால் நடுவில் சதவீதம் இல்லை. ஏப்ரல் 14, டிசம்பர் 6 நிகழ்வுகளுக்கு எத்தனை ஆயிரம் பேர் கூடுகிறோம்? அங்கே ஒரு மேசை போடுவோம். அங்கே பெயரை மறைக்கவும் வேண்டியதில்லை.

நான்காவது, அரசிடம் கேட்பது. ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் 'இந்தியா ஹேண்ட்மேட்' தளம் கைவினைஞர்களிடம் கமிஷன் வாங்குவதில்லை. பட்டியல் சாதியினர், தூய்மைப் பணியாளர்கள் உள்ளிட்டோர் செய்யும் பொருள்களுக்காக சமூகநீதி அமைச்சகம் 2024 நவம்பரில் 'டூலிப்' என்ற தளத்தைத் தொடங்கியது. தளம் தொடங்கியதோடு கடமை முடிந்துவிடாது. வாங்குபவர் வர வேண்டும், பார்சல் செலவுக்குக் கை கொடுக்க வேண்டும், தமிழில் விண்ணப்பிக்க முடிய வேண்டும். அரசு அலுவலகங்கள் தங்கள் தேவைக்கு முதலில் அங்கே வாங்கட்டும். தனியார் தளங்களுக்கோ ஒரே ஒரு விதி போதும். விற்பவர் விலையைத் தட்டும்போதே, எல்லாக் கட்டணமும் வரியும் போகக் கைக்கு வரும் தொகையை அவர் மொழியில், அதே திரையில் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு தைப்பவர் பெயரிலேயே இருக்கட்டும். நாம் உதவலாம். போட்டோ எடுத்துத் தரலாம், ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதித் தரலாம். கடவுச்சொல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நாமும் இன்னொரு இடைத்தரகர்தான், கொஞ்சம் நல்ல வார்த்தை பேசும் இடைத்தரகர்.

பாபாசாகேப் அம்பேத்கரைச் சட்ட மேதையாகவே நாம் அதிகம் பேசுகிறோம். அவர் பொருளாதாரம் படித்தவர். 1923-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. காசு யார் கையில் தொடங்கி யார் கையில் முடிகிறது என்று பின்தொடர்வது நமக்குப் புதிய வேலை அல்ல. நாம் பாதியில் விட்டுவிட்ட வேலை.

குழு இப்போது ஒற்றைப் பர்ஸைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. மூன்று பர்ஸ் கட்டு மட்டும் அங்கே இருக்கிறது. மற்றவை நேரடி விற்பனை. வருமானம் பெரிதாக ஏறிவிடவில்லை, இரண்டு பேர் மறுபடி ஷூ தைக்கப் போய்விட்டார்கள். ஆனால் குழுவின் நோட்டில் 'விற்ற விலை' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'கைக்கு வந்தது' என்று இன்னொரு பத்தி போட்டிருக்கிறார்கள். கோடு போட்டது அந்த மூத்த அக்கா. போன வாரம் ஒரு புதிய தளத்தின் ஆள் போனில் பேசி, கமிஷனே கிடையாது என்றாராம். அக்கா கேட்டிருக்கிறார்: "சரிப்பா, 280 ரூபாய்க்கு வித்தா என் கைக்கு எவ்ளோ?"

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.